அடைப்புக்குறிக்குள் இருந்தது

தன் கையால் கம்பைல் செய்யாத சர்வரில் தரவை வைப்பவன், அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறவன்.

இது மூலவரின் கொள்கை. தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிற வகைக் கொள்கை அல்ல. கல்லூரி மூன்றாம் ஆண்டில் கம்ப்யூட்டர் லேபின் பின்சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதி, அழிக்கச் சொன்ன லேப் அசிஸ்டென்டிடம் நாற்பது நிமிடம் வாதாடி, கடைசியில் ஸ்பிரிட் வாங்கி வந்து தானே அழித்த கொள்கை.

மூலவர் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. எந்தப் பேச்சு எடுத்தாலும் "மூல நிரல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று தொடங்குவதால் விடுதி அறைக்காரர்கள் வைத்த பெயர். பெயரில்தான் மரியாதை இருந்தது. வினைச்சொல்லில் அவனுக்கு யாரும் அதைத் தரவில்லை. 'மூலவர் வந்தான், மூலவர் தூங்குறான்' என்றே பேசினார்கள். வீட்டில் அக்காவுக்கு இந்தப் பெயர் தெரிந்த நாளில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "மூலம் மூலம்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டுத் திரியாதடா. கேக்கறவங்க நல்ல டாக்டரா பாத்து அட்ரஸ் குடுப்பாங்க."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளை நம் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. அதை எழுதியவர்கள் எழுதிய எழுத்தை அப்படியே இறக்கி, நம் மெஷினிலேயே கம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றி, நிறுவிக்கொள்வது ஒன்று. அந்த எழுத்துதான் மூல நிரல், சோர்ஸ் கோடு. வேறு யாரோ கம்பைல் செய்து கட்டி வைத்திருக்கும் பொட்டலத்தை ஒற்றை வரிக் கட்டளையில் இறக்கிக்கொள்வது இன்னொன்று. ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவது வழியில் போகிறார்கள். போய் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூலவர் வைத்த பெயர் பொட்டலக்காரர்கள். இதை அவன் சாபம்போலச் சொல்வதில்லை. அனுதாபத்தோடு, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொல்வான்.

ஆஸ்பத்திரி என்றதும் நினைவுக்கு வருகிறது. அக்கா வேலை பார்த்தது ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில். கால்நடை என்று பலகையில் இருந்தாலும் வருவதெல்லாம் நாய், பூனை, எப்போதாவது ஒரு கிளி. எட்டு வருடமாக அங்கே முன் கவுண்டர் அவளுடையது. டாக்டரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். சின்ன டாக்டர் என்று ஒருவர் கிடையாது. ஆள் உயரம், அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரியின் பதிவுகள் எல்லாம் ஒரு டேட்டாபேஸ் சர்வருக்குள், அதாவது பதிவுகளைக் கட்டிக் காக்கும் ஒரு மென்பொருளுக்குள், இருந்தன. எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் கிளி யாரைக் கடிக்கும் என்பது உட்பட ஆறாயிரத்துச் சொச்சம் பிராணிகளின் சரித்திரம். சர்வர் பழசாகிவிட்டது. ஆஸ்பத்திரி மென்பொருளின் அடுத்த பதிப்பு, புது சர்வர் போட்டால்தான் ஓடுவேன் என்று அடம் பிடித்தது. வழக்கமாக வரும் கம்ப்யூட்டர் கடைக்காரர் புதன்கிழமைதான் வர முடியும் என்றார்.

"என் தம்பி இருக்கான் டாக்டர். சனி, ஞாயிறுல முடிச்சுடுவான். திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு எல்லாம் ரெடியா இருக்கும்" என்றாள் அக்கா.

"யார் பொறுப்பு?"

"என் பொறுப்பு டாக்டர்."

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். "சரி. மேனேஜர் ரூம் சாவியப் பத்தியும் திங்கக்கிழமையே பேசிக்கலாம்."

அந்த அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கதவில் கண்ணாடி, உள்ளே கை வைத்த நாற்காலி. அக்கா தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். துடைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி மூடியது. மூலவர் ஒன்றேகாலுக்கு வந்தான். தரையில் டெட்டால் வாசனை. சுவரோரம் நாய்களை நிறுத்தும் எடை மேடை. உள்வார்டில் ஒரே ஒரு நோயாளி, அறுவை முடிந்த சாம்பல் நிறப் பூனை. தையலை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் புனல் மாட்டியிருந்தார்கள். வார்டுக் கதவு திறந்தே கிடந்ததால் கூண்டிலிருந்து பார்த்தால் கவுண்டர் கம்ப்யூட்டர் நேராகத் தெரியும். பூனை பார்த்தது. புனலோடு இருப்பதால் பார்வையை வேறு பக்கம் திருப்புவது அதற்குச் சிரமம்.

அக்கா அன்றைய நகலை எடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் எல்லாப் பதிவுகளையும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்து வைப்பது அவள் வேலை. அவள் அதைச் செய்யும் முறையைப் பார்த்தால் மூலவருக்குப் பல் கூசும். திரையில் என்ன வந்தாலும் வலது ஆட்காட்டி விரலை அதன்மேல் வைத்து, உதடு அசைய, முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை வாசிப்பாள். பிறகுதான் எண்டர் தட்டுவாள். திரை நெடுக அவள் விரல் ரேகை.

"அது என்ன கோர்ட் தீர்ப்பாக்கா? ஒவ்வொரு எழுத்தா தடவிப் படிக்கறே?"

"படிக்கத்தானேடா எழுதியிருக்கான்."

"முதல் வரி போதும். மிச்சமெல்லாம் பயந்தவங்களுக்குப் போடறது."

"நான் பயந்தவதான்" என்றாள், விரலை எடுக்காமலே. வாசித்து முடித்து, எண்டர் தட்டி, டிஸ்கின் பச்சை விளக்கு அணையும்வரை காத்திருந்து, வயரை உருவி, டிஸ்கை ஒரு துணிப்பையில் போட்டு அவனிடம் நீட்டினாள். "டேய், போன தடவ கடைக்காரர் வந்தப்ப அஞ்சே நிமிஷத்துல போட்டுட்டுப் போனாரு. ரெடிமேடா கிடைக்குமாமே. அதையே போட்டுடேன்."

மூலவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அவளை நோக்கித் திரும்பினான். இந்தக் கேள்விக்குத் தன்னிடம் நாற்பது நிமிட விடை இருக்கிறது என்பதை முகத்தில் காட்டினான்.

"வேணாம், ஆரம்பிக்காத. உனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்" என்று அக்கா டீ போடப் போய்விட்டாள்.

அவன் பழைய மெஷினைச் சுத்தமாகத் துடைத்தான். பழைய சர்வர், பழைய பதிவுகள், எல்லாம் போயின. நகல்தான் பையில் இருக்கிறதே. பிறகு புதிய சர்வரின் மூல நிரலை இறக்கி, பிரித்து, முதல் கட்டளையைக் கொடுத்தான். அது மெஷினுக்குள் நுழைந்து, கல்யாண வீட்டுச் சமையற்காரர் சாமான் சரிபார்ப்பதுபோல, இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று வரிவரியாகக் கேட்டுக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. தரவைச் சுருக்கிக் கட்டவும், கட்டியதைப் பிரிக்கவும் பயன்படுகிற ஒரு துணை நிரல் இந்த மெஷினில் இல்லை. அதை இறக்கி வைத்துவிட்டு வரவும். அது வேண்டாமென்றால் 'இல்லாமல்' என்று கட்டளையில் சேர்த்துக்கொள்ளவும்.

மூலவர் சிரித்தான். டிஸ்கில் மைதானம்போல இடம் கிடக்கிறது. எதைச் சுருக்கி என்ன ஆகப்போகிறது. பொட்டலக்காரர்கள்தான் வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பார்கள். 'இல்லாமல்' என்று சேர்த்தான். வேலை மளமளவென்று ஓடியது.

கம்பைல் ஆகும்போது திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் அருவியாகக் கொட்டும். அவன் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். அந்த வரிகளில் ஒன்றைக்கூட எழுதியது அவனில்லை. இருந்தாலும் அந்த இருபது நிமிடமும் சொந்த வயல் அறுவடையைப் பார்க்கிறவன் முகம் அவனுக்கு இருந்தது.

டீயோடு வந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா இந்த ஓட்டம் ஓடுது. எதாவது உடைஞ்சுடுச்சா?"

"உருவாகுதுக்கா."

"அப்படியா" என்று பயபக்தியோடு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை ஐந்து மணிக்குப் புது சர்வர் ஓடத் தொடங்கியது. காலியாக ஓடியது, பதிவுகளை மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு நடக்கும்போது, கடைக்காரர் அடுத்த முறை வந்து இதைப் பார்த்தால் முகம் எப்படிப் போகும் என்று மூலவர் இரண்டு மூன்று விதமாகக் கற்பனை செய்து பார்த்துக்கொண்டான். அக்கா கூடவே நடந்தாள். மேனேஜர் அறையில் ஜன்னல் பக்கம் மேசையைப் போடுவதா, கதவுப் பக்கம் போடுவதா என்று கேட்டாள். அவன் காதில் அது விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. டிஸ்கைச் செருகி, நகலை ஏற்றும் கட்டளையைத் தட்டினான். ஒரு நொடியில் பதில் வந்தது. 'சுருக்கப்பட்ட இந்த நகலை மீட்க இயலாது.' அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஏதோ. மூலவர் அடைப்புக்குறிவரை படித்தான். அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கும்? எப்போதும் ஏதாவது இருக்கும்.

மறுபடி தட்டினான். அதே பதில். வெள்ளிக்கிழமை நகலை எடுத்தான். அதே பதில். வியாழன், புதன், செவ்வாய், திங்கள், அதற்கு முந்திய சனி. ஏழு நாள் நகலும் ஒரே குரலில் ஒரே பதிலைச் சொன்னன. ஏழு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால், புத்தியுள்ளவன் கேள்வி கேட்டவனைத் திரும்பிப் பார்ப்பான். மூலவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீ எடுத்த காப்பி சரியில்ல."

கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "எந்தக் காப்பி?"

"எல்லாமே. ஏழு நாளும் தப்பாவே எடுத்து வெச்சிருக்கே."

"எப்பவும் எப்படி எடுப்பனோ அப்படித்தானேடா எடுத்தேன்."

"பாதியில வயரைப் பிடுங்கியிருப்பே."

"பச்சை லைட் அணைஞ்சப்புறம்தான் பிடுங்குவேன்."

"அணைஞ்ச மாதிரி இருந்திருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மிகவும் கனிவாக, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிற தொனியில் சொன்னான். பிற்பாடு அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தது இந்த வாக்கியத்துக்காகத்தான்.

அக்கா டிஸ்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டு வருடம் அவள் நம்பிய பச்சை விளக்கு. "பழைய மெஷின்ல இருந்ததெல்லாம்?"

"அதைத்தான் நேத்தே அழிச்சாச்சே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.  பிறகு போனை எடுத்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினாலும் காலியாகக் கிடக்கும் கட்டடம், எல்லாம் கேட்டது.

"டாக்டர், நான்தான்... இல்ல டாக்டர், சர்வர் எல்லாம் நல்லா போட்டுட்டான். நான் எடுத்து வெச்ச காப்பிதான் சரியில்லையாம். ஆமா... என் கவனக்குறைவுதான்... இல்ல, அவன் மேல ஒண்ணும் தப்பு இல்ல... சரிங்க டாக்டர். புரியுது. சாவி விஷயம் இப்ப வேணாம் டாக்டர். முதல்ல இதைப் பாக்கறேன்."

திரும்பி வந்தவள் முகம் கழுவிக்கொண்டாள். அலமாரியிலிருந்து பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்தாள். திங்கள் காலை வரப்போகிறவர்கள் முப்பத்தோரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் பிராணியின் சரித்திரத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதத் தொடங்கினாள். முதலில் ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவர். அவருடைய நாயின் பெயர் மேஜர், வலிப்பு உண்டு.

"சார், மேஜருக்கு மாத்திரை காலைல எத்தனை குடுக்கறீங்க? ...ஒண்ணரையா? ...இல்ல சார், எங்ககிட்ட இருந்தது. இப்ப இல்ல. என் தப்புதான் சார்... ஆமா, நான்தான் தொலைச்சுட்டேன். ராத்திரி? ...ராத்திரி ஒண்ணு. போன மாசம் ரத்தம் எடுத்துப் பாத்தமே, அதுல என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? ...சரி, பரவால்ல சார். எனக்கும் ஞாபகம் இல்ல."

மூலவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதே கட்டளையை அதே கோப்பின்மேல் தட்டிக்கொண்டிருந்தான். பதினோரு முறை. பதினோரு முறையும் அடைப்புக்குறிவரை படித்தான்.

எட்டு பேரோடு பேசிவிட்டு அக்கா தொண்டை கட்டிப்போய் எழுந்தாள். டீ போட்டாள். அவனுக்கும் ஒன்று. டம்ளரை வைக்க வந்தவள், பழக்க தோஷம், திரைமேல் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. அவன் நிறுத்துகிற இடத்தில் அவள் நிற்கவில்லை.

"மீட்க இயலாதுன்னு போட்டு, பக்கத்துல பிராக்கெட்டுக்குள்ள என்னமோ இருக்கே. 'இந்த நிறுவலில் சுருக்க வசதி சேர்க்கப்படவில்லை.' நிறுவல்னா நீ நேத்து போட்டதா?"

"அது ஒண்ணுமில்லக்கா. சும்மா போடறது."

"ஓ" என்று அவள் நோட்டுக்குத் திரும்பினாள். ஒன்பதாவது எண்ணைத் தட்டினாள்.

மூலவர் திரையைப் பார்த்தான். அவள் விரல் பட்ட இடத்தில் ரேகை தெரிந்தது. அதற்கு அடியில் அடைப்புக்குறி. அவன் இப்போது உள்ளே இருந்ததைப் படித்தான்.   நகல்கள் சுருக்கிக் கட்டப்பட்டவை. கட்டியதைப் பிரிக்கும் துணை நிரல் வேண்டாம் என்று சொன்னது அவன். 'இல்லாமல்' என்று சேர்த்தது அவன். ஏழு நகலும் நன்றாக இருக்கின்றன. பூட்டும் சரி, பெட்டியும் சரி. சாவி வேண்டாமென்று சிரித்துக்கொண்டே வீசியவன் பெட்டி கெட்டுவிட்டதென்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அதுவும் கனிவாக.

பூனை புனல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் வார்டுக் கதவைச் சாத்தினான். சாத்திய பிறகும் அது பார்ப்பதுபோலவே இருந்தது.

வெட்கப்படுகிறவனுக்கு முதலில் நல்ல புத்தி வரும் என்று நினைப்பது தவறு. முதலில் வருவது உபாயம். மூலவருக்கும் அதுதான் வந்தது. ஒன்றும் சொல்லாமல் சர்வரை மறுபடி போட்டு, பதிவுகளை ஏற்றிவிட்டு, "எப்படியோ மீட்டுட்டேன்க்கா" என்று சொன்னால் போதும். கெட்டுப்போன நகலிலிருந்து ஆறாயிரம் பிராணிகளைக் காப்பாற்றியவன் ஆகிவிடலாம். அக்காவும் சந்தோஷப்படுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? இந்த யோசனை மிக நேர்த்தியாக இருந்தது. அதன் நேர்த்தியை அவன் ஒரு நிமிடம் ரசிக்கவும் செய்தான். அந்த ஒரு நிமிடத்தை அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது கவுண்டர் பக்கமிருந்து அக்கா குரல் கேட்டது. போனில் யாரோ அவளைக் கடிந்துகொண்டிருக்க வேண்டும்.

"கோச்சுக்காதீங்கம்மா. உங்க பூனைக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு நீங்க சொன்னா இப்பவே எழுதிக்கறேன்... என் தப்புதான். என் தம்பிதான் பாவம், ஞாயித்துக்கிழமை கூட உக்காந்து நான் பண்ணின தப்பைச் சரி பண்ணிட்டிருக்கான்."

'பாவம்' என்ற சொல் அவன் நெஞ்சுக்குள் எங்கோ போய் மாட்டிக்கொண்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகக் கட்டடத்தின் பின்பக்கம் போனான். காயப்போட்ட துண்டுகள், மருந்து அட்டைப்பெட்டிகள், ஒரு தண்ணீர்க் குழாய். பெரிய டாக்டரைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க" என்றார் அவர். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"சார், நான் கவுண்டர்ல இருக்கறவங்க தம்பி. சர்வர் போட வந்தவன்."

"தெரியுது."

"சார், அந்தக் காப்பி விஷயம். காப்பி நல்லாத்தான் இருக்கு. நான் சர்வர் போடும்போது ஒண்ணை விட்டுட்டேன். அதனாலதான் திறக்க முடியல. அக்கா தப்பு இல்ல."

"விட்டுட்டீங்களா, வேணாம்னு விட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. நாய்க்கு எங்கே வலிக்கிறது என்று நாயிடம் கேட்காமலே கண்டுபிடித்துப் பழகியவர். "வேணாம்னு விட்டேன் சார்."

"ம். இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"பின்ன எனக்கு ஏன் முதல்ல சொல்றீங்க?"

மூலவர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குச் சொல்றது சுலபமா இருந்தது சார்."

 "அவங்க காலைல எங்கிட்ட என் தப்புன்னு சொன்னப்ப நான் நம்பல" என்றார் பெரிய டாக்டர். "எட்டு வருஷமா ஊசி பேரை ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் என் கைல குடுப்பாங்க. ஆனா அவங்களே சொல்றப்ப நான் என்ன செய்ய? நாளைக்கு ஒன்பது மணிக்கு மெஷின் ஓடணும். ஓடினா சாவியை நானே குடுத்துக்கறேன். நீங்க அந்த நேரத்துல கவுண்டர் பக்கம் நிக்க வேணாம்."

"சரி சார்."

"போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே போவதற்குப் பதினைந்து அடி தூரம். அவன் குழாயை இறுக்கி மூடினான், துண்டுகளை நேராக இழுத்துவிட்டான், ஒரு அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தான். இன்னும் ஏதாவது வேலை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

அக்கா பதினான்காவது பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"இரு, இந்தக் கிளிக்காரர் லைன் கிடைக்கல..."

"போனை வெச்சிடுக்கா. அந்த பிராக்கெட்டுக்குள்ள இருந்தது."

"ஆமா?"

"சும்மா போட்டது இல்ல. அதுதான் விஷயமே." எல்லாவற்றையும் சொன்னான். சுருக்க வசதி என்ன, அது எங்கே நின்றது, என்ன கேட்டது, அவன் என்ன சேர்த்தான், ஏன் சிரித்தான். நகல் ஏழும் நன்றாக இருப்பதையும் சொன்னான். டாக்டரிடம் சொல்லிவிட்டதையும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டில் 'மேஜர், காலை 1½, இரவு 1' என்று அவள் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப பச்சை லைட் நல்லாத்தான் அணைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் அணைஞ்சுதுக்கா."

"ஏழு நாளும்?"

"ஏழு நாளும்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் போனில் பேசியபோதுகூட அழாதவள். "நானும் யோசிச்சுட்டே இருந்தேன்டா. அணைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சோன்னு. எட்டு வருஷமா நான் என்னத்தத்தான் பாத்தேன்னு."

 கூனிக் குறுகி நின்றான் என்று எழுதுவது வழக்கம். மூலவர் ஆறடி ஆள், குறுகவும் இடமில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சரி. இப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டு வழி இருக்கு. அந்தத் துணை நிரலை இறக்கி வெச்சு, மூல நிரல்லேருந்து மறுபடி கம்பைல் பண்ணலாம். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"ரெடிமேட்."

"எது சீக்கிரம்?"

"ரெடிமேட்."

"எதுல நீ எதையும் வேணாம்னு தூக்கிப் போட முடியாது?"

 கொள்கை தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "ரெடிமேட்" என்றான்.

"அப்புறம் என்னை ஏன் கேக்கறே?" நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தான் இதுவரை கூப்பிட்ட பேர்களையும் எண்களையும் எழுதி அவனிடம் நீட்டினாள். "அதைப் போட்டுட்டு இவங்களை எல்லாம் கூப்பிடு. பதிவெல்லாம் கிடைச்சுடுச்சுன்னு சொல்லு. யார் தப்புன்னும் சொல்லு. நான் பதிமூணு பேர்கிட்ட என் தப்புன்னு சொல்லியிருக்கேன்."

"நானே முதல்ல கூப்பிட்டுடறேன்க்கா." வேலையைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் சொன்னானோ என்னவோ. பட்டியலில் முதல் ஆள் பஸ் டிரைவர்.

"சார், காலைல உங்ககிட்ட பேசினவங்களோட தம்பி பேசறேன். பதிவு தொலையல. அது அக்கா தப்பு இல்ல சார். என் தப்பு."

"யார் தப்பா இருந்தா எனக்கென்ன தம்பி. மேஜருக்கு ராத்திரி மாத்திரை ஒண்ணுன்னு சொல்லிட்டேன். ஒண்ணேகால். அதை மாத்திட்டியா?"

"மாத்திடறேன் சார்."

"திருப்பிச் சொல்லு."

"காலைல ஒண்ணரை. ராத்திரி ஒண்ணேகால்."

"ஆங். உங்கக்கான்னா சொல்லாமலே திருப்பிச் சொல்லியிருக்கும்."

பதிமூன்று பேரிடமும் சொன்னான். நாலாவது ஆளிலிருந்து வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தது. பத்தாவது ஆளிடம் மறுபடி தடங்கியது. அவர் ஒரு பெரியவர், "உன் தப்பா? சந்தோஷம், நல்லா இரு" என்று வைத்துவிட்டார். 

பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தன் கையால் கம்பைல் செய்த சர்வரை நிறுத்தினான், நீக்கினான். ஒரு வரி தட்டினான். கல்லூரிச் சுவரில் இதே வரியைத்தான் ஒருமுறை, ஒரு பல்செட் வரைந்து, கேலியாக அதன் கீழே எழுதி வைத்திருந்தான்.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. இன்னின்னது நிறுவப்படும், கூடவே இன்னின்ன துணை நிரல்களும் வரும், தொடரலாமா? கட்டைவிரல் எண்டர்மேல் பழக்கமாகப் போய் நின்றது. அங்கேயே நின்றது. அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். லைன் கிடைக்காமலிருந்த கிளிக்காரர் திரும்பக் கூப்பிட்டிருந்தார், அவள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் பார்ப்பதைக் கண்டதும் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியோடு சேர்த்துச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

மூலவர் வலது ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்தான். அக்காவின் ரேகைகள் ஏற்கெனவே நிறைய இருந்தன. இடம் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரி. இரண்டாம் வரி. உதடு அசைந்தது. சுருக்கும் துணை நிரல் நாலாம் வரியில் இருந்தது. அதன்மேல் விரல் ஒரு கணம் கூடுதலாக நின்றது. கடைசிவரைக்கும் போய், எண்டர் தட்டினான்.

அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. நகலை ஏற்றும் கட்டளையைக் கொடுத்தான். சனிக்கிழமை நகல், அக்கா எடுத்தது. மெஷின் சற்று நேரம் முனகிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு வரியைக் காட்டியது. 'பதிவுகள் மீட்கப்பட்டன.' அதற்குப் பிறகு ஓர் அடைப்புக்குறி.

அவன் விரலை நகர்த்தினான். அடைப்புக்குறிக்குள் 6,214 என்று இருந்தது. எழுத்துக்கூட்டுவதுபோல, ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தான். மறுபடி வைத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தான்.